கால் மாத்திரைக் குடும்பம்

சந்தையில் அவருக்கு வைத்த பெயர் தராசு. எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்தும் ஆய்வாளர் உத்தியோகம். அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே "தராசு வருது" என்ற சேதி ஒரு கடையிலிருந்து மறுகடைக்கு ஓடிவிடும். தட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த காந்தங்கள் எல்லாம் சட்டைப்பைக்குள் போய்விடும். யாரிடமும் ஒரு வாய் தேநீர்கூட அவர் வாங்கிக் குடித்ததில்லை. எடைக்கல்லைக் குடைந்து வைத்திருந்தான் என்று ஒருவன் கடைக்குப் பூட்டுப் போட்டபோது, அவன் குடும்பத்தோடு வந்து அழுதும் மனம் இளகாதவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் உட்கார்ந்து போலி மாத்திரை தயாரித்தார் என்றால் சந்தையில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். ஆனால் தயாரித்தார். கூடப்பிறந்த இரண்டு பேரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு தயாரித்தார். ஏன் என்று தெரிய வேண்டுமானால் அந்த வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி அது. கூடப்பிறந்தவர்கள் நாலு பேர் அங்கே இருந்தார்கள். மூத்தவர் தராசு. அடுத்த தம்பி பல்செட் செய்கிறவர். பின் அறைதான் அவர் பட்டறை. அதற்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருடைய பல் இளித்துக்கொண்டிருக்கும். மூன்றாவது தங்கை கீழ்த்தளத்தில் சலவைக்கடை வைத்திருந்தாள். நாலாவது கடைக்குட்டி. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கிற வேலை அவளுக்கு. அந்த ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது.

அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா ஒரே ஒரு முட்டையை அவித்து, தையல் நூலால் நாலாக அறுப்பாள். மஞ்சள் கருவும் நாலு பேருக்கும் ஒரே அளவில் வந்தாக வேண்டும். கடைக்குட்டிக்குப் பால் பல் விழத் தொடங்கியிருந்த வயதில் அம்மாவும் போய்ச் சேர, நூல் தராசின் கைக்கு வந்தது. வயிற்றுப்பாட்டுக்காக அம்மா செய்ததை அவர் ஒரு கொள்கையாகவே ஆக்கிக்கொண்டார். எல்லாரும் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகும், ஒரு வேளைக்கு நாலு முட்டை வாங்கும் வசதி வந்த பிறகும், நாலு முட்டையையும் நாலு நாலாக அறுத்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு எல்லாருக்கும் கொடுப்பார். ஒரு முட்டை இன்னொன்றைவிடப் பெரிதாக இருந்து தொலைத்தால் என்ன செய்வது? மழை நாளில் ஒரே குடையின் கீழே நாலு பேரும் போவார்கள். நாலு பேரும் சமமாக நனைந்து திரும்புவார்கள். கல்யாணம் யாருக்கும் ஆகவில்லை. கட்டிக்கொள்ள வருகிறவரை நாலாக அறுக்க முடியாது என்பதுதான் காரணம் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசினார்கள். தராசு அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. சொத்துக்காக அடித்துக்கொண்டு நாறிய குடும்பங்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். தன் வீட்டில் பங்குச் சண்டை ஒரு நாளும் வந்ததில்லை என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமையில்தான் கிருமி புகுந்தது.

முதலில் வயிற்றெரிச்சல் வந்தது தராசுக்குத்தான். மருத்துவர் பார்த்துவிட்டு, வயிற்றில் ஒரு கிருமி குடியேறியிருக்கிறது, இரண்டு வாரம் விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். மாத்திரையோடு வீட்டுக்கு வந்தால் தம்பியும் தங்கைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தராசு வேறு என்ன செய்வார்? மாத்திரைகளைச் சவர பிளேடால் நாலாக வெட்டினார். உறை போட்ட மருந்துகளைப் பிரித்து, உள்ளே இருந்த தூளைத் தன் சின்னப் பித்தளைத் தராசில் நாலு பங்காக நிறுத்தார். ஆளுக்கு வேளைக்குக் கால் மாத்திரை. முள் இம்மி பிசகவில்லை. எரிச்சல் ஓரளவு அடங்கியது. ஒரு சீட்டில் நாலு பேர் குணமான சந்தோஷத்தில் அன்றைக்கு வீட்டில் இனிப்புகூடச் செய்தார்கள்.

சில மாதத்தில் எரிச்சல் திரும்பி வந்தது. மருத்துவரிடம் போவதிலும் முறை உண்டே. இந்தத் தடவை பல்செட்காரர் போனார். அவர் போனது வேறு மருத்துவர், கிடைத்தது வேறு மருந்து. அதுவும் நாலாக வெட்டப்பட்டது. அடுத்து சலவைக்கடைக்காரியின் முறை. அதற்கடுத்துக் கடைக்குட்டி. இப்படி நாலு மருத்துவர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், தங்கள் கையிலிருந்த நல்ல மருந்துகளையெல்லாம் அந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அத்தனையும் கால் கால் பங்காகக் கிருமியைப் போய்ச் சேர்ந்தது. கொல்லுவதற்குப் போதாத அளவு. ஆனால் வந்திருப்பது யார், எப்படி அடிப்பான் என்று அறிமுகம் செய்து வைப்பதற்குத் தாராளமான அளவு. பலவீனமான கிருமிகள் செத்தன. கெட்டிக்காரக் கிருமிகள் தப்பித்துப் பிள்ளை குட்டி பெற்றன. இரண்டு மூன்று வருஷத்தில் அந்த நாலு வயிறுகளிலும் எந்த மருந்துக்கும் அசையாத ஒரு வம்சம் செழித்து வளர்ந்துவிட்டது. இதைவிடச் சிரத்தையாக ஒரு கிருமியை யாரும் படிக்க வைத்திருக்க முடியாது.

கடைக்குட்டிக்கு ஏப்பம் அடக்க முடியாமல் போனது அப்போதுதான். துறைமுகம் போகும் வண்டி ஐந்தாவது மேடையில் என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஏப்பம் வந்து, பேருந்து நிலையம் முழுக்க நாற்பது ஒலிபெருக்கிகளில் எதிரொலிக்கும். பயணிகள் பழகிவிட்டார்கள். நீளமான ஏப்பம் வந்தால் வண்டி தாமதம் என்று சிலர் அர்த்தம் பண்ணிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார்கள். மேலதிகாரி இரண்டு முறை கூப்பிட்டுக் கண்டித்தார். அவள் வீட்டில் வந்து அதைச் சொல்லி, நாலு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வலிக்கும் சேர்த்துத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் காலை அவள், "மலை ஊர் செல்லும் வண்டி நிற்கும் இடம், மேடை எண்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். கீழே ஒரு கூட்டம் பெட்டி படுக்கையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. எண் வரவே இல்லை. நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டே ஒரு நடத்துநர் மாடியேறிப் போய்ப் பார்த்தபோது, அவள் ரத்தமாக வாந்தியெடுத்து மைக்கின் மேலேயே சாய்ந்து கிடந்தாள்.

மருத்துவமனையில் வயிற்று நோய் மருத்துவர் ஒரு பெண்மணி. கடைக்குட்டியின் வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்து, வயிற்றுப் புண்ணில் ரத்தக் குழாய் ஒன்று அறுந்திருந்ததை அடைத்து, புண்ணுக்குப் பக்கத்தில் கிள்ளியெடுத்த சதையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். ஒரு சந்தேகத்தின் பேரில் மற்ற மூவர் வயிற்றிலும் குழாய் விட்டுக் கிள்ளிக்கொண்டார். முடிவு வந்ததும் தராசைக் கூப்பிட்டு, இதற்கு முன்னால் என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தார். தராசு நிமிர்ந்து உட்கார்ந்து, பிளேடு, பித்தளைத் தராசு, கால் மாத்திரை என்று ஒன்று விடாமல் விளக்கினார்.

"நாலு பேருமா?" என்று கேட்டார் மருத்துவர்.

"நாலு பேரும்தான். எடையில இம்மி வித்தியாசம் இருக்காது டாக்டர்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே கண்ணாடித் தட்டுகளில் கிருமியை வளர்த்து, ஒவ்வொரு மருந்திலும் நனைத்த பொட்டு அளவுக் காகித வில்லைகளை அதன் மேல் வைத்திருந்தார்கள். மருந்து கேட்கிறது என்றால் வில்லையைச் சுற்றிக் கிருமி விலகி ஒரு வெற்று வட்டம் தெரியுமாம். இங்கே வட்டமே இல்லை. கிருமி வில்லையின் ஓரம் வரைக்கும் வந்து ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஒரு வில்லையின் மேலேயே ஏறிவிட்டது. கூடத்தில் வேலை பார்த்த பெண்கள் அந்தத் தட்டை அக்கம்பக்கத்துக் கூடங்களுக்கெல்லாம் எடுத்துப் போய்க் காட்டியிருந்தார்கள். இவர்தான் அதன் வீட்டுக்காரர் என்று மருத்துவர் சொன்னதும், எல்லாரும் எழுந்து நின்று அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி அவரோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

நாலு பேர் வயிற்றில் இருப்பதும் அச்சு அசலாக ஒரே கிருமி என்று மருத்துவர் சொன்னார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தராசுக்கு உள்ளுக்குள் திருப்தியாக இருந்தது. சமமாகத்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பின்னால் அந்த நினைப்புக்காக அவர் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு மருந்து. வேறொரு பெரிய நோய்க்கென்று ஒதுக்கி வைத்திருந்த செங்கல் நிற மாத்திரை. அதை வயிற்றுக்குக் கொடுக்கவே மருத்துவமனைப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஒருவருக்கு மட்டும் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். மற்ற மூவருக்கும் எரிச்சல்தான், புண் இல்லை. புதிதாக ஏதாவது மருந்து வரும் வரை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"இதையும் பிரிச்சீங்கன்னா என்கிட்ட வேற எதுவும் கிடையாது" என்றார் மருத்துவர். "இன்னொரு தடவை அந்தப் புண்ணுல ரத்தம் வந்தா உங்க தங்கச்சியைக் காப்பாத்த முடியும்னு நான் சொல்ல மாட்டேன். முழு மாத்திரை, ஒரே ஆள். புரியுதா?"

தராசு புரிகிறது என்றார். அதோடு விடாமல் மருத்துவர் சாப்பாட்டையும் கிளறினார். அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் யார் தட்டில் எந்தத் துண்டு நன்றாக விழுந்திருக்கிறதோ தெரியாது என்பதால், எல்லாரும் எல்லார் தட்டிலிருந்தும் ஒரு வாய் எடுத்துக்கொள்வது வழக்கம். கிருமி வாய்க்கு வாய் போன வழி அதுதான் என்றார் மருத்துவர். மருந்து தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி, தனிக் குவளை. உங்கள் மூவருக்கும் கிருமி போகிற வரைக்கும் அப்படித்தான்.

வீட்டில் வந்து சொன்னபோது பல்செட்காரரும் சலவைக்கடைக்காரியும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மொத்தத்தையும் அவளுக்கே கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். தராசுக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்ட உடன்பிறப்புகள் யாருக்கு வாய்க்கும் என்று நினைத்தார். பிரச்சினை அங்கிருந்து வரும் என்றுதான் அவர் பயந்திருந்தார். வந்தது வேறு பக்கத்திலிருந்து.

மறுநாள் காலை அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தால், மேசையில் நாலு கரண்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் செங்கல் நிறத்தில் ஒரு கால் துண்டு. கடைக்குட்டி பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு உயிரே போய்விட்டது. நாலு துண்டையும் ஒரே கரண்டியில் அள்ளி அவள் முன்னால் நீட்டினார். அவள் வாயைத் திறக்கவில்லை. அதட்டினார், கெஞ்சினார், மருத்துவர் சொன்னதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் சின்னக் குழந்தைக்குச் செய்வதுபோல மூக்கைக்கூடப் பிடித்துப் பார்த்தார். அவள் அடம் பிடிக்கவில்லை, அதுதான் கொடுமை. துண்டை வாயில் போட்டுக்கொண்டாள், தண்ணீர் குடித்தாள், எதிரே நின்ற மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள், அப்படியே வெளியே எடுத்துவிட்டாள்.

"எனக்கு மட்டும்னு ஒண்ணை முழுங்க எனக்குத் தெரியலண்ணா" என்றாள். "தொண்டையில நிக்குது."

அவள் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. நாற்பது வயதுக்குள் அவள் முழுசாக ஒரு முட்டை சாப்பிட்டதில்லை. ஒரு பழத்தை யாருக்கும் நீட்டாமல் கடித்ததில்லை. அப்படி வளர்த்தது அவர்தான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அன்று மத்தியானம் அவள் தூங்கும்போது மூன்று பேரும் பின் அறையில் கூடினார்கள். யோசனை சலவைக்கடைக்காரியுடையது. எல்லாரும் சாப்பிட்டால்தானே அவள் சாப்பிடுவாள்? அப்படியானால் எல்லாரும் சாப்பிடுவோம். பல்செட்காரர் செங்கல் நிற மாத்திரை ஒன்றை எடுத்து, ஈறுக்கு அச்சு எடுக்கும் பசையில் அமுக்கி, அச்சு எடுத்தார். கோதுமை மாவும் பீட்ரூட் சாறும், கசப்புக்குக் கருகின ரொட்டித் தூளும் பிசைந்து அதில் அடைத்தார்கள். பார்வைக்கு அசலேதான்.

ஆனால் தராசு தன் பித்தளைத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எடை குறைகிறது. இரண்டாவது தடவை கூடிவிட்டது. மாவில் பளிங்குக்கல் தூள் சேர்த்துப் பார்க்கலாம் என்று தம்பி சொன்னதற்கு, தங்கச்சியை ஏமாற்றுவதே போதும், கல்லைத் தின்று சாக வேண்டாம் என்று எரிந்து விழுந்தார். பொழுது சாய்வதற்குள் முள் நடுவில் நின்றது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் எத்தனை கடைகளை அவர் மூடியிருக்கிறார்.

"நான் முப்பது வருஷமா போலிப் பல்லுதான் செய்றேன்" என்றார் தம்பி. "ஜனங்க அதை வச்சுக்கிட்டுச் சிரிக்கலையா?"

இன்னொரு தொல்லை இருந்தது. அந்த மருந்து சாப்பிட்டால் சிறுநீரும் வியர்வையும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாகிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். கடைக்குட்டியின் கைக்குட்டை மட்டும் நிறம் மாறினால் குட்டு உடைந்துவிடும். இந்தப் பொறுப்பைச் சலவைக்கடைக்காரி ஏற்றுக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க ஊரார் கறையைப் போக்கியே கை தேய்ந்தவள், இப்போது அண்ணன்மாரின் சட்டைக் கழுத்திலும் தலையணை உறையிலும் பதமாக ஆரஞ்சுக் கறை படிய வைத்தாள். கறையில் தனக்கு இவ்வளவு கைவண்ணம் இருக்கும் என்று அவளே நினைத்ததில்லை. பல்செட்காரர் தினமும் கழிவறையிலிருந்து வெளியே வரும்போது, இன்றைக்கு நிறம் இன்னும் கூடிவிட்டது என்று வீடு கேட்கப் புலம்பிவிட்டு வருவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் கதவைத் தட்டி எல்லாம் சௌக்கியம்தானா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

மருத்துவமனை மனம் மாறி நாலு பேருக்கும் மருந்து கொடுத்துவிட்டது என்று தராசு சொன்னபோது கடைக்குட்டி அவரை உற்றுப் பார்த்தாள். எழுந்து போய்ப் பித்தளைத் தராசை எடுத்து வந்தாள். நாலு மாத்திரைகளையும் ஒன்றோடொன்று மாற்றி மாற்றி நிறுத்தாள். முள் ஆடி அடங்கி, ஒவ்வொரு தடவையும் நடுவிலேயே வந்து நின்றது. அவள் முகம் தெளிந்தது. தராசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்கான அசல் மாத்திரையைச் சிவப்பு மூடி போட்ட டப்பாவில் அவரே வைத்துக்கொண்டு அவரே எடுத்துக் கொடுத்தார். மாறிப்போனால் எல்லாம் போச்சு. காலையும் மாலையும் நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒரே நேரத்தில் விழுங்கினார்கள். தனித் தட்டைப் பற்றி அவள் கேட்டதற்கு, பரிசோதனை முடிகிற வரைக்கும் நாலு பேருக்குமே அப்படித்தான் என்று சொல்லிவைத்தார். பொய் ஒன்று சொன்னால் அதற்குக் காவல் இருக்க நாலு பொய் வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் பல்செட்காரர், மருந்து தனக்கு நன்றாகக் கேட்கிறது, எரிச்சல் குறைந்துவிட்டது என்று சொல்லத் தொடங்கினார். நடிக்கிறார் என்று தராசு நினைத்தார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால், நிஜமாகவே குறைந்திருக்கிறதாம், மாவை நிறுத்திவிட வேண்டாமாம். தராசுக்கு ஒன்றும் குறையவில்லை. ஒவ்வொரு வேளையும் வயிற்றில் அடுப்பு மூட்டினதுபோல எரிந்தது. இப்போது தேவலை என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய், தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் கடைக்குட்டியின் முகத்தில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. வேலைக்குத் திரும்பினாள். நாற்பது ஒலிபெருக்கிகளிலும் ஏப்பமில்லாமல் வண்டிகள் அறிவிக்கப்பட்டன. நீளமான ஏப்பத்தை நம்பியிருந்த சிலர் வண்டியைத் தவற விட்டார்கள்.

மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்துப் பரிசோதனை. கடைக்குட்டியை ஒரு பைக்குள் மூச்சை ஊதச் சொன்னார்கள். மற்ற மூவரும் முந்தின நாளே ஊதியாயிற்று, கிருமி போய்விட்டது என்று தராசு அவளிடம் சொல்லிவைத்திருந்தார். தராசு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருத்துவர் வந்து, கிருமி போய்விட்டது, சுத்தமாகப் போய்விட்டது என்று சொன்னபோது அவர் எழுந்துவிட்டார். மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவர் குரலைத் தாழ்த்தி, இனிமேல்தான் கவனம், உங்கள் மூவரிடம் இருப்பது அதே கிருமி, அவளுக்கு மறுபடி ஒட்டினால் என் கையில் மருந்து இல்லை என்றார். புது மருந்து எப்போது வரும் என்று கேட்டதற்கு, வருஷக்கணக்காகலாம், வராமலும் போகலாம் என்றார்.

வீடு வரும் வரை கடைக்குட்டியின் வாய் ஓயவில்லை. நாலு பேரும் தப்பித்துவிட்டோம் என்று படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். தராசு இன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியேறினார். சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். கோழையாக இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மேசையில் நாலு தட்டுகள் வைத்தாயிற்று. தராசு முதல் வாய் வைத்தார். அவள் உட்கார்ந்த கையோடு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த ஆசையோடு, பக்கத்தில் இருந்த அவர் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

தராசு தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

அவள் கை அந்தரத்தில் நின்றது. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இன்னும் எட்டினாள். அவர் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். குழம்பு சட்டையில் வழிந்தது.

"இது என்னோடது" என்றார்.

அப்படி ஒரு வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. பல்செட்காரர் பக்கம் திரும்பினாள். அவர் இரண்டு கையாலும் தன் தட்டை மூடிக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். சலவைக்கடைக்காரி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். கடைக்குட்டி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தனித் தட்டு எதற்கென்று மருத்துவர் சொன்னது நினைவுக்கு வர, அவளுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

"நீங்க முழுங்கினது என்ன?"

"மாவு" என்றார் தராசு.

"மூணு பேருமா?"

"மூணு பேரும்."

"அப்போ மருந்து எனக்கு மட்டும்தானா?"

"உனக்கு மட்டும்தான்."

அவள் கத்தவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல தராசுக்கு இருந்தது. தட்டை விட்டால் அவள் எடுத்துவிடுவாள் என்று விடவில்லை. அவளை முதுகுக்குப் பின்னால் விட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். வயிறு எரிந்தது, ஒவ்வொரு வாயும் இறங்க மறுத்தது. அவள் கைக்கு எட்டும்படி எதுவும் மிஞ்சிவிடக் கூடாதே என்ற பயத்தில், ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்து, தட்டையும் தானே கழுவி வைத்தார்.